தாழ்ப்பாள் யாருடையது?

பிப்ரவரி 4

அக்கா,

'அன்புள்ள' என்று போட்டுத்தான் ஆரம்பித்தேன். பிறகு அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எடுத்தேன்.

முந்தாநாள் ஆபீசுக்குப் பதிவுத் தபாலில் தடியாக ஓர் உறை வந்தது. உன் கம்பெனி வக்கீல்கள் அனுப்பியது. நான் எழுதிய தாழ்ப்பாள் புரோகிராம் அவர்களுடைய காப்புரிமையை மீறுகிறதாம். மே மூன்றாம் தேதிக்குள் அதை எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிட்டு, இனிமேல் தொடமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டுமாம். இல்லாவிட்டால் கோர்ட்டாம். பதினோரு பக்கம். ஒரு தடவை படித்தேன், பாதி புரிந்தது. இரண்டாம் தடவை படித்தேன், அந்தப் பாதியும் போய்விட்டது.

மூன்று வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதினேன், அக்கா. குடிநீர் வாரியத்தின் தலைமை ஆபீசில் உட்கார்ந்தபடியே ஒன்பது பம்ப் அறைகளில் இருக்கும் மெஷின்களுக்குள் நுழைந்து வால்வைத் திறக்க வேண்டும், மூட வேண்டும். நடுவில் லைனில் காது வைத்திருக்கிற எவனுக்கும் ஓர் எழுத்துகூடப் புரியக் கூடாது. அதற்காக எழுதியதுதான் தாழ்ப்பாள். எழுதி முடித்ததும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று சும்மா கொடுத்தேன். இன்றைக்கு எத்தனையோ நூலகங்களிலும் கல்லூரிகளிலும் அது ஓடுகிறது. பம்ப் அறைக்காரர்கள் அதற்கு 'தம்பி புரோகிராம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

உன் ஆட்கள் தங்களுடையது என்று சொல்வது எதைத் தெரியுமா? லைன் அறுந்து திரும்ப வரும்போது நடப்பதை. பம்ப் அறை லைன் ஒரு நாளைக்கு இருபது தடவை அறுந்து போகும். திரும்ப வரும்போது, வருவது பழைய ஆள்தானா, நடுவில் புகுந்த வேறு ஆளா என்று மெஷினுக்கு எப்படித் தெரியும்? லைன் நன்றாக இருக்கும்போதே இரண்டு மெஷின்களும் அடுத்த சந்திப்புக்கு ஒரு ரகசியச் சொல்லைப் பேசி வைத்துக்கொள்ளும். திரும்ப வந்ததும் அந்தச் சொல்லைக் கேட்கும். ஒரு தடவை சொன்னதும் அந்தச் சொல் செத்துவிடும். அவ்வளவுதான்.

இது எங்கே பிறந்தது? நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில். நீ அந்த வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புவதற்கு ஆறு வாரம் முன்னால். நான் சொல்லச் சொல்ல நீ காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்னால் படம் போட்டாய். "தட்டு வைக்க எடம் விடுங்க ரெண்டு பேரும்"னு அம்மா கத்தினாள்.

நோட்டீசோடு இணைத்திருக்கிற காப்புரிமைப் பத்திரத்தின் முதல் பக்கத்தில் 'கண்டுபிடித்தவர்' என்ற இடத்தில் உன் பெயர் இருக்கிறது. அப்பா பெயரும் சேர்த்து, ஒரு பிழைகூட இல்லாமல். விண்ணப்பித்த தேதி, நான் தாழ்ப்பாளை வெளியிட்டதற்கு நாலு மாதம் முன்னால். ஆக, தாளின்படி திருடன் நான்.

ஒரே ஒரு கேள்வி. தெரிந்து செய்தாயா, தெரியாமல் செய்தாயா? போன் பண்ணாதே, பண்ணினால் வைத்துவிடுவேன். உன் மின்னஞ்சல் எல்லாம் நேராகக் குப்பைக்குப் போகிற மாதிரி பண்ணியிருக்கிறேன். தாளில் எழுது. தாளில் எழுதும்போதாவது மனுஷர்கள் கொஞ்சம் யோசிப்பார்கள்.

தம்பி

பிப்ரவரி 18

தம்பி,

உன் கடிதத்தைப் பஸ்ஸில் பிரித்தேன். இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை. கடைசி நிறுத்தத்தில் டிரைவர் வந்து தோளைத் தட்டினார்.

தெரிந்தா தெரியாமலா என்று கேட்கிறாய். 'தெரியாமல்' என்று எழுதினேன், அடித்தேன். 'தெரிந்து' என்று எழுதினேன், அதையும் அடித்தேன். மேலே இருக்கிற இரண்டு கறுப்புத் தீற்றல்களும் அவைதான். நடந்ததைச் சொல்கிறேன், நீயே ஒரு பெயர் வைத்துக்கொள்.

இங்கே வேலைக்குச் சேருகிற அன்றே ஒரு தாளில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். இங்கே இருக்கிற வரை நம் தலையில் தோன்றுகிறதெல்லாம் கம்பெனிக்குச் சொந்தம். வந்து இரண்டு மாதம் இருக்கும். ஒரு கூட்டத்தில், லைன் அறுந்தால் என்ன செய்வது என்று ஆளாளுக்குக் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்கள். நான் எழுந்து போய்ப் பலகையில் வரைந்தேன். கை தானாகப் போட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். புது இடத்தில் என்னை எவரும் திரும்பிப் பார்த்தது அன்றைக்குத்தான். அப்போது உன் ஞாபகம் வந்ததா என்றால், வரவில்லை. பூசி மெழுகவில்லை, வரவில்லை.

அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஒரு கட்டுத் தாளைக் கொண்டுவந்து வைத்தார்கள். கையெழுத்துப் போட வேண்டிய இடத்திலெல்லாம் மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது. மஞ்சளைப் பார்த்துப் பார்த்துப் போட்டுக்கொண்டே போனேன். அதில் இது இருந்திருக்கிறது.

இப்போது அந்த மேசையை நினைத்துப் பார்க்கிறேன். என் கை தெரிகிறது, காலண்டர் தாள் தெரிகிறது, அம்மா கத்தியது கேட்கிறது. நீ சொன்னது மட்டும் கேட்கவில்லை. யார் முதலில் சொன்னது? சத்தியமாக எனக்குத் தெரியவில்லைடா. மூன்று வருஷமாக அது என்னுடையது என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

நீ கேட்டதால் நானும் ஒன்று கேட்கிறேன். தாழ்ப்பாளில் 'எழுதியவர்' என்று உன் பெயர் மட்டும்தான் இருக்கிறது. உள்ளே நான் எழுதிக் கொடுத்த நாற்பது வரியும் ஓடுகிறதே. பெயர் போடு என்று நான் கேட்கவில்லை. நீயாகப் போடுவாய் என்று இரண்டு மாதம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வக்கீலம்மா கூப்பிட்டு விசாரித்தாள். "அந்த ஆள் உன் தம்பியா? இதை முன்னாடியே சொல்ல வேண்டாமா?" என்றாள். நோட்டீஸ் போனதே எனக்குத் தெரியாது என்றேன். வழக்கு முடிகிற வரை உன்னோடு பேச்சு வார்த்தை கூடாது என்று சொல்லிவிட்டாள். ஆபீஸ் மின்னஞ்சலை அவர்கள் படிப்பார்கள். அதனால் தாள்தான் எனக்கும் சௌகரியம்.

இன்னொன்று. ஏன் என்று கேட்காதே. பம்ப் அறைகளுக்கு மட்டும் தாழ்ப்பாளைக் கொஞ்ச நாள் நிறுத்தி வை. ஆளை அனுப்பி வால்வைத் திருப்பச் சொல்.

அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

அக்கா

மார்ச் 12

அக்கா,

அம்மாவின் முழங்கால் இருக்கட்டும். பதினோரு பக்கத்தில் வக்கீல் மிரட்டினார், பத்தாததற்கு மூன்று வரியில் நீ மிரட்டுகிறாய். 'ஏன் என்று கேட்காதே'யாம்! நான் என்ன சின்னப் பிள்ளையா? கதவைச் சாத்து, பூச்சாண்டி வருவான் என்கிறாயே.

எனக்குத் தெரியும் இது எப்படி நடக்கிறது என்று. முதலில் காப்புரிமை என்பார்கள். அது ஒட்டாவிட்டால் 'ஓட்டை இருக்கிறது' என்று கிசுகிசுவைக் கிளப்பிவிடுவார்கள். பயந்துபோய் எல்லோரும் உங்கள் கம்பெனி சரக்கை வாங்கப் போவார்கள். அதற்கு உன்னையே தூது அனுப்பியிருக்கிறார்கள்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. பத்து நாள் லீவு போட்டுவிட்டு உட்கார்ந்தேன். தாழ்ப்பாள் இன்றைக்குப் பன்னிரண்டாயிரம் வரி. என் கையால் எழுதிய ஒவ்வொரு வரியையும் முதலிலிருந்து படித்தேன். அச்சடித்து, அடிக்கோல் வைத்து, பென்சிலால் டிக் போட்டுப் போட்டுப் படித்தேன். இரண்டு இடத்தில் அசட்டுத்தனம் இருந்தது, திருத்தினேன். ஓட்டை என்று சொல்ல ஒன்றும் இல்லை.

நோட்டீஸ் விஷயம் மேலே போய்விட்டது. எங்கள் நிர்வாகப் பொறியாளரை உனக்கு நினைவிருக்கும். வேறு நாலு பேர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் தன் கையெழுத்தைப் போடுவார், ரப்பர் ஸ்டாம்ப் என்று சொல்வோமே, அவர்தான். கூப்பிட்டார்.

"இது பாதுகாப்பானதுதானாப்பா?"

"நூறு சதவீதம் சார்."

"எழுதிக் கொடுத்துடறியா?"

எழுதிக் கொடுத்துவிட்டேன். என் கையெழுத்தின் கீழே அவர் தன்னுடையதைப் போட்டுக்கொண்டார். நீ சொன்னபடி ஆளை அனுப்பி வால்வைத் திருப்பச் சொன்னால் 'நூறு சதவீதம்' எங்கே போயிற்று என்று கேட்கமாட்டாரா?

தையல்கடை மாடியில் ஒரு வக்கீலைப் பிடித்திருக்கிறேன். பத்திரத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கண்டுபிடிச்சவர்னு பொய்யான பேர் போட்டிருந்தா இந்தக் காப்புரிமை நிக்காதுங்க. இது என் தம்பியோட யோசனைன்னு உங்க அக்கா ஒரு தாள்ல எழுதிக் கொடுத்தாப் போதும், முடிஞ்சுது. கொடுப்பாங்களா?"

படியிறங்கி வந்துவிட்டேன்.

உன் நாற்பது வரிக்குப் பெயர் போடாதது தப்புதான். மறந்து போடாமல் இல்லை. நீ கிளம்பிப் போன கோபத்தில் போடவில்லை. போதுமா?

தம்பி

மார்ச் 25

தம்பி,

இரண்டு தடவை போன் பண்ணினேன். முதல் தடவை என் குரல் கேட்டதும் வைத்தாய். இரண்டாம் தடவை நான் பேசவே இல்லை, அப்பவும் வைத்தாய். மூச்சைக் கேட்டே கண்டுபிடித்துவிட்டாய் போலிருக்கிறது.

நான் தூது வரவில்லைடா. உன் கடிதத்தைப் படித்து முடித்ததும் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. நூறு சதவீதம் என்று எழுதியா கொடுத்தாய்?

சரி, சொல்லக்கூடாது என்று கையெழுத்துப் போட்டிருப்பதில் பாதியைச் சொல்கிறேன். எங்கள் ஆபீஸ் மூன்றாம் மாடியில் ஒரு சோதனை அறை இருக்கிறது. போட்டிக் கம்பெனிகளின் புரோகிராமை ஓடவிட்டு உடைத்துப் பார்ப்பதுதான் அங்கே வேலை. ஜனவரியில் தாழ்ப்பாளை வைத்தார்கள். வேடிக்கை பார்க்க எங்களையும் கூப்பிட்டார்கள். சுவரில் பெரிய கடிகாரம். பதினோரு நிமிஷத்தில் உள்ளே போய்விட்டார்கள். எல்லோரும் கை தட்டினார்கள்.

நானும் தட்டினேன். பக்கத்தில் இருக்கிறவர்கள் பார்ப்பார்களே என்று தட்டினேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். சிரிக்காதே.

எங்கே ஓட்டை என்று எனக்குத் தெரியும். எழுத முடியவில்லை. ஒப்பந்தம் இருக்கிறது என்று மட்டும் வைத்துக்கொள். அதைவிட வேறு காரணமும் இருக்கிறது, அதையும் எழுத முடியவில்லை.

ஏப்ரல் ஒன்பதாம் தேதி இங்கே ஒரு பெரிய கண்காட்சி. விற்பனைக்காரர்கள் மேடையில், நானூறு பேர் முன்னால், தாழ்ப்பாளை உடைத்துக் காட்டப் போகிறார்கள். பிறகு தங்கள் சரக்கை எடுத்து வைப்பார்கள். அன்றைக்கு அந்த நானூறு பேருக்கும் வழி தெரிந்துவிடும். அதில் ஒரு விஷமக்காரன் இருந்தால் போதும், உன் ஒன்பது பம்ப் அறையும் அவன் கையில்.

இந்தக் கடிதம் உனக்கு எப்போது வரும் என்று விரல்விட்டு எண்ணினேன். ஏப்ரல் ஏழு, எட்டு. வராமலும் போகலாம். வந்தாலும் நீ நம்பாமல் போகலாம். என்ன செய்வதென்று தெரியவில்லை. கிறுக்குப் பிடித்த மாதிரி இருக்கிறது.

அக்கா

ஏப்ரல் 6

அக்கா,

சண்டையெல்லாம் அப்புறம். நீ எழுதியதில் எனக்குக் கடைசியாக வந்தது பிப்ரவரிக் கடிதம்தான். வேறு ஏதாவது எழுதியிருந்தால் வழியில் இருக்கும்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று இருபதுக்கு நாலாம் பம்ப் அறை மெஷினுக்குள் யாரோ நுழைந்திருக்கிறார்கள். என் பெயரில், என் சாவியான ரகசிய எண்ணோடு. நான் அப்போது அம்மாவை டாக்டரிடம் காட்டுவதற்காக வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். நாலு நிமிஷம் உள்ளே இருந்திருக்கிறார்கள். வால்வு எதையும் தொடவில்லை. ஒரே ஒரு ஃபைலை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதில் இரண்டே வாக்கியம். 'பூட்டு உடைந்துவிட்டது. எல்லா லைனையும் பிடுங்கிவிடு.'

இன்று காலையில்தான் அதைப் பார்த்தேன். ஒன்பது லைனையும் பிடுங்கிவிட்டோம். ஆட்கள் சைக்கிளில் போய்க் கையால் வால்வைத் திருப்புகிறார்கள். மேட்டுத் தெருக்களுக்கு இன்று தண்ணீர் ஏறவே இல்லை. ஆபீஸ் வாசலில் குடத்தோடு நிற்கிறார்கள்.

ரப்பர் ஸ்டாம்ப் நான் எழுதிக் கொடுத்த தாளை மேசைமேல் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். என் நாற்காலியை மட்டும் வராந்தாவில் போடச் சொல்லிவிட்டார். இதை வராந்தாவில் இருந்துதான் எழுதுகிறேன். போகிற வருகிறவர்களெல்லாம் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

போலீசில் புகார் கொடுத்தாகிவிட்டது. நான்தான் எழுதினேன். 'பொதுமக்களின் குடிநீரில் விளையாடிய நபரைக் கண்டுபிடித்துக் கடும் நடவடிக்கை எடுக்க வேண்டும்.' அந்த வரியை எழுதும்போது உன் கம்பெனிக்காரர்களைத்தான் நினைத்துக்கொண்டேன். விசாரிக்க வந்தவர் என்னிடமே கேட்கிறார்: "உங்க சாவி, உங்க பேரு. நீங்க இல்லைன்னு எப்படி நம்பறது?"

எனக்கு ஒன்றுமே ஓடவில்லை, அக்கா. எடுத்துக்கொண்டு போக வந்தவன் எதையும் எடுக்கவில்லை. கெடுக்க வந்தவன் கெடுக்கவில்லை. யார் இவன்? உனக்கு அங்கே யாரையாவது தெரிந்தால், சந்தேகமாவது இருந்தால், எழுது. பயமாக இருக்கிறது.

தம்பி

ஏப்ரல் 7

தம்பி,

உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. காத்திருக்க முடியாமல் எழுதுகிறேன். இந்தப் பக்கத்தில் இருப்பது உன் வக்கீலுக்காக. அவரிடம் காட்டு.

லைன் அறுந்து திரும்ப வரும்போது இரண்டு மெஷின்களும் முன்னமே பேசி வைத்த சொல்லைக் கேட்டுச் சரிபார்க்கும் முறையை யோசித்தது என் தம்பி. நான் இந்தக் கம்பெனியில் சேருவதற்கு ஆறு வாரம் முன்னால், எங்கள் வீட்டில், அவன் சொல்லக் கேட்டு நான் படம் வரைந்தேன். அவன் சொன்ன வார்த்தை இது: "பிரியறப்பவே அடுத்த தடவைக்கு என்ன சொல்லணும்னு பேசி வச்சுக்கிட்டா என்ன?" அதைக் கேட்ட பிறகுதான் நான் பேனாவை எடுத்தேன். காப்புரிமைப் பத்திரத்தில் கண்டுபிடித்தவர் என்று என் பெயர் இருப்பது தவறு. இதை யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் எழுதிக் கையெழுத்திடுகிறேன்.

தேதியும் முழுக் கையெழுத்தும் கீழே போட்டிருக்கிறேன். இனி உனக்குத் தைரியமாக இருக்கும்.

பையில் இந்த ஒரு தாள்தான் இருந்தது. மீதியைப் பின்பக்கத்தில் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை உன் நாலாம் பம்ப் அறைக்குள் வந்தது நான்தான்.

ஒன்பதாம் தேதிக்குள் கடிதம் வராது. போனை எடுத்தால் வைத்துவிடுகிறாய். ஆபீசிலிருந்து செய்ய முடியாது. கடைத்தெருவில் காசு கொடுத்து கம்ப்யூட்டர் பார்க்கிற இடம் ஒன்று இருக்கிறது. அங்கே போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு பெண் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு யாருக்கோ கடிதம் அடித்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பதினோரு நிமிஷம்கூட ஆகவில்லை. உள்ளே போனதும் வால்வு ஒன்று முதல் ஆறு வரை வரிசையாகத் திரையில் நின்றது. கையை மடியில் வைத்துக்கொண்டேன். ஃபைலை எழுதி வைத்துவிட்டு ஓடி வந்துவிட்டேன். லைனைப் பிடுங்கிவிட்டாய் அல்லவா? பிடுங்கிவிட்டேன் என்று ஒரு வார்த்தை எழுது.

ஓட்டை எங்கே என்று அதில் எழுதியிருக்கலாம். விரல் வரவில்லை. இப்போது எழுதுகிறேன். அது என் நாற்பது வரியில் இருக்கிறது.

யாராலும் ஊகிக்க முடியாத ரகசிய எண்ணை உண்டாக்குகிற வேலை அந்த நாற்பது வரிக்குத்தான். நான் என்ன பண்ணினேன்? அவசரத்துக்கு மெஷினின் கடிகாரத்தில் இருக்கிற நேரத்தை எடுத்து, கொஞ்சம் கலக்கிவிட்டு, எண் என்று கொடுத்துவிட்டேன். மெஷின் எப்போது முழித்தது என்று தெரிந்தால் எண் தெரிந்துவிடும். மேலே 'தற்காலிகம், பிறகு மாற்ற வேண்டும்' என்று குறிப்பும் எழுதியிருக்கிறேன். சோதனை அறைத் திரையில் அந்தக் குறிப்பைப் பெரிதாக்கிப் போட்டுச் சிரித்தார்கள். என் எழுத்து என்று அங்கே எவருக்கும் தெரியாது. உன் பெயரைச் சொல்லித்தான் சிரித்தார்கள்.

ஒப்பந்தம் ஒப்பந்தம் என்று எழுதினேன் அல்லவா? பாதி அது. மீதி இது. யோசனை உன்னுடையது, அதில் என் பெயர் நிற்கிறது. தப்பு என்னுடையது, அதில் உன் பெயர் நிற்கிறது. இதை உனக்கு எப்படி எழுதுவது என்று தெரியாமல் இரண்டு மாதம் அம்மா முழங்காலை விசாரித்துக்கொண்டிருந்தேன்.

மன்னித்துவிடு என்று கேட்க வெட்கமாக இருக்கிறது. கேட்கிறேன்.

அக்கா

ஏப்ரல் 24

அன்புள்ள அக்காவுக்கு,

உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. மார்ச் கடிதம் எட்டாம் தேதி. மற்றது பதினேழாம் தேதி. லைனைப் பிடுங்கிவிட்டேன். நீ ஃபைல் வைத்த மறுநாளே பிடுங்கிவிட்டேன். உங்கள் கண்காட்சி அன்றைக்கு எவனும் நுழைய இங்கே ஒரு லைன்கூட இல்லை. இதை முதலில் எழுதிவிடுகிறேன், நீ நிம்மதியாக மீதியைப் படி.

பதினேழாம் தேதி உன் கடிதத்தைப் படித்துவிட்டு அந்த நாற்பது வரியைத் திறந்தேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் திறந்தேன், அக்கா. மார்ச்சில் பத்து நாள் அடிக்கோல் வைத்துப் படித்தேன் என்று பீற்றிக்கொண்டேனே, அப்போதும் உன் பக்கம் வந்ததும் புரட்டிக்கொண்டு போய்விட்டேன். இது அக்கா எழுதியது, இதில் என்ன இருக்கப் போகிறது என்று. உன்னைத் திருடி என்று நினைத்துக்கொண்டிருந்த நேரம் அது. உன் கணக்கு தப்பாக இருக்கும் என்று மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை. என் முட்டாள்தனத்தை என்ன சொல்ல!

பிறகு ஒவ்வொரு பம்ப் அறையாகப் போனேன். லைன் வழியாகப் போக முடியாதே. புது நாற்பது வரியை ஃபிளாப்பியில் போட்டுப் பையில் வைத்துக்கொண்டு ஆறு நாள் பஸ்ஸிலும் நடந்தும் போய் ஒன்பது இடத்திலும் மாற்றினேன். அங்கே போன பிறகு இன்னொரு கூத்து. ஏழு மெஷினில் கடிகார பேட்டரி செத்துக் கிடக்கிறது. கரண்ட் போய் வந்தால் ஏழும் ஒரே தேதியில், ஒரே நேரத்தில் முழிக்கின்றன. உன் கணக்கு கடிகாரத்தை நம்பியது, கடிகாரம் பேட்டரியை நம்பியது, பேட்டரி மாற்ற வேண்டியவன் நான். ஆக, ஓட்டை முழுக்க உன்னுடையதும் இல்லை. நீ மட்டும் எடுத்துக்கொள்ளாதே.

ரப்பர் ஸ்டாம்பிடம் தப்பு என்னுடையது என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். தாழ்ப்பாளில் என் பெயர்தானே இருக்கிறது. என்னை நாலாம் பம்ப் அறைக்கு மாற்றியிருக்கிறார்கள். "வால்வைக் கையால திருப்பத் தெரியுமா?"ன்னு அங்கே இருக்கிற ஆபரேட்டர் கேட்டார். தெரியாது. கற்றுக்கொண்டிருக்கிறேன். உள்ளங்கை கொப்பளித்துவிட்டது.

இப்போது உன் தாளுக்கு வருகிறேன். வக்கீலிடம் எடுத்துக்கொண்டு போனேன். முன்பக்கத்தைப் படித்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார். "இது ஒண்ணு போதுங்க. நோட்டீசைச் சுருட்டிக்கிட்டுப் போயிடுவாங்க" என்றார். பிறகு தாளைத் திருப்பினார். படித்தார். உட்கார்ந்தார். மெதுவாகச் சொன்னார்: "கோர்ட்ல கொடுத்தா முழுத் தாளையும்தான் கொடுக்கணும். ஒரு பக்கத்தை மறைக்க முடியாது. போலீஸ் புகார் வேற உயிரோட இருக்கு. எழுதினது நீங்கதானே?"

ஆமாம், நான்தான். கடும் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று கெட்டியாக எழுதியவன் நான்தான். விசாரிக்கிறவர் போன வாரமும் வந்தார். "யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?" என்றார். இல்லை என்றேன். உன் கடிதம் அப்போது என் சட்டைப் பையில் இருந்தது. நெஞ்சு அடித்துக்கொண்டதில் தாள் சலசலப்பது அவருக்குக் கேட்டுவிடுமோ என்றிருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'பிரியறப்பவே பேசி வச்சுக்கிட்டா என்ன' என்று நான் சொன்னதாக எழுதியிருக்கிறாய். படித்ததும் ஆமாம், சொன்னேன் என்று துள்ளினேன். மறுநாள் மறுபடி படித்தேன். அது உன் குரலில் கேட்டது. இப்போது ஒரு நாள் என் குரல், ஒரு நாள் உன் குரல். அம்மாவிடம் கேட்டேன். "ரெண்டு பேரும் ஒரே நேரத்துலதானே பேசுவீங்க, எனக்கு எப்படித் தெரியும்" என்கிறாள். பிப்ரவரியில் சத்தியம் பண்ணச் சொல்லியிருந்தால் பண்ணியிருப்பேன். இன்றைக்கு என்னால் முடியாது. நீ எனக்காக அப்படி எழுதினாயா, உண்மையாகவே ஞாபகம் வந்து எழுதினாயா என்பதும் எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருக்கிறது.

இது உன் கைக்கு வரும்போது மே மூன்று தாண்டியிருக்கும். அதற்கு முந்தின நாள் தாழ்ப்பாளை எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிடுவேன். அதை ஓட்டுகிறவர்களுக்கு ஓட்டையைப் பற்றியும் அதை அடைக்கிற வழியைப் பற்றியும் இன்று காலை எழுதி அனுப்பிவிட்டேன். அது அவர்களுக்குத் தெரிந்தாக வேண்டும். பம்ப் அறைகளுக்கு வேறு ஏதாவது வழி பார்த்துக்கொள்கிறேன்.

மூன்று வருஷ உழைப்பு. எடுக்கப் போகிறோமே என்று நினைத்தால் அழுகை வருகிறது. நேற்று ஆபரேட்டர் பார்க்காதபோது அழுதும்விட்டேன். ஆனால் உன்னைக் காட்டிக் கொடுத்து அதை வைத்துக்கொள்ள எனக்கு மனசு இல்லை.

முன்பக்கத்தில் இருப்பதை மட்டும் வேறு தாளில் எழுதி அனுப்ப வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் அனுப்பு. உன் வேலை போகும், உன் கம்பெனி உன்னைத் தோண்ட ஆரம்பிக்கும். நன்றாக யோசித்துச் செய். அனுப்பாவிட்டாலும் நான் ஒன்றும் நினைக்கமாட்டேன். போன் பண்ணு, வைக்கமாட்டேன்.

உன் தாளை இதோடு வைத்திருக்கிறேன். நகல் எடுக்கவில்லை.

தம்பி